கொழுப்பு மருந்தும் பங்கசுப் படலமும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு மருந்தின் வரலாறு ஆய்வுகூடத்தினுள் மட்டும் நிகழ்வதன்று. அதனை ஆக்கிய உழைப்பு, உடைமையாக்கிய மூலதனம், வேண்டி நிற்கும் மக்கள் ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கும்போதே அவ்வரலாறு தெளிவுறும். குருதிக் கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்துகள் பங்கசு நோய்களுக்கும் உதவக்கூடும் என்னும் ஆய்வுக் கருத்தினை இவ்வகையில் ஆராய முற்படுகின்றோம்.

மட்டக்களப்பு வாவியில் நாட்டிய கம்புகளிற் சில நாள்களில் வழுவழுப்பான படலம் படர்வதை எழுவான்கரையாரும் படுவான்கரையாரும் அறிவர். நுண்ணுயிர்கள் தாம் சுரக்கும் பசையினுள் கூடிவாழும் இவ்வமைப்பே உயிர்ப்படலம் எனப்படும். கன்டிடா எனும் பங்கசு இத்தகைய படலத்தைப் பொய்ப்பற்களிலும், நோயாளரின் நாளங்களிற் செலுத்தப்படும் குழாய்களிலும் உருவாக்குகின்றது. தனித்த கலங்களை அழிக்கும் மருந்து இப்படலத்தின்முன் பெரிதும் வலுவிழக்கின்றது. நீரிழிவுடையோரும் நோயெதிர்ப்பாற்றல் குன்றியோரும் கன்டிடாவின் தாக்கத்துக்கு எளிதில் ஆளாகின்றனர்.

ஸ்ரற்றின்களின் பிறப்பே பங்கசுகளோடு பிணைந்ததாகும். யப்பானின் சங்கியோ நிறுவனத்திற் பணியாற்றிய அகிரா எண்டோ, பங்கசுகள் தம் பகை நுண்ணுயிர்களின் கொழுப்பாக்கத்தைத் தடுக்கும் பொருளைச் சுரக்கலாம் எனக் கருதினார். 1971 முதல் ஏறத்தாழ 6000 நுண்ணுயிர் வகைகள் சோதிக்கப்பட்டன. கியோத்தோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியில் வளர்ந்த பூஞ்சணத்திலிருந்து 1973இல் கொம்பாக்ரின் பெறப்பட்டது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மேர்க் நிறுவனத்தின் லோவாஸ்ரற்றினும் பூஞ்சண விளைபொருளே.

மனிதக் கலம் கொலஸ்திரோலையும் பங்கசுக் கலம் எர்கொஸ்திரோலையும் ஆக்கும் பாதையின் தொடக்கப் படிகள் பொதுவானவை. அவற்றுள் ஒரு நொதியத்தை ஸ்ரற்றின் தடுக்கின்றது. ஆய்வுகூடச் சோதனைகளிற் கன்டிடாப் படலத்தின் வளர்ச்சி இதனாற் குன்றியமை கண்டறியப்பட்டுள்ளது. ஆயின், அதற்கு வேண்டிய செறிவு வழக்கமான மாத்திரையாற் குருதியில் எய்தும் அளவினும் பெரும்பாலும் மிகுதியானது. மேலும், சிம்வாஸ்ரற்றினைச் சில பங்கசெதிர் மருந்துகளுடன் சேர்த்து உட்கொள்வது கடுந்தசைச் சிதைவை விளைவிக்கக்கூடும். ஆகவே இஃது ஆராயத்தக்க வாய்ப்பேயன்றி, நிறுவப்பட்ட சிகிச்சையன்று.

இவ்வாய்ப்பை முற்றாய்வு செய்வோர் யார் என்பதே எம் வினா. ஆக்கவுரிமைக் காலத்தில் அற்றோவாஸ்ரற்றின் எனும் ஒரு மருந்து மட்டும் ஆண்டுக்கு 1000 கோடி டொலருக்கு மேல் விற்பனையான ஆண்டுகள் உண்டு. உரிமை காலாவதியானபின் மருந்து மலிந்தது. மக்களுக்கு அது நன்மையே. ஆயினும், மலிந்த மருந்தின் புதிய பயனை நிறுவப் பெரும் பொருள் செலவிட இலாப நோக்குடைய மூலதனம் முன்வருவதரிது. மருந்தின் பயன்மதிப்பும் பரிமாற்றமதிப்பும் முரண்படும் இடம் இதுவாகும்.

இம்முரண்பாட்டை இலங்கையிற் கூர்ந்துணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் 1971இல் அவர் அளித்த அறிக்கையும், அவர் தலைமையில் இயங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும், வணிகப் பெயரினின்று மருந்தைப் பிரித்து மக்கள் தேவையை முதன்மைப்படுத்தின. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் அக்கொள்கையைத் தளர்த்திற்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாட்டின் மருத்துவமனைகள் மருந்தின்றித் தவித்தமை, அவர் எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை என்பதனைப் புலப்படுத்திற்று.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தமிழிற் கூறுதல் அன்று மொழிப்பற்றின் வெளிப்பாடு மட்டுமன்று, இன்றும் அவ்வாறே. இரு மருந்துகளைச் சேர்த்துண்ணல் தீது என்பதைத் தன் மொழியில் அறியாத படுவான்கரை நோயாளிக்கு அஃது உயிர்ப்பிரச்சினை. 1981இல் கல்லூரியாகத் தோன்றி 1986இற் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனங்கள், இலாபம் கைவிட்ட இவ்வினாக்களை மக்கள் சார்பில் ஏற்கவேண்டும். அதற்கான நிதியை அரசிடம் கோருதல் சலுகை வேண்டலன்று, உரிமை கோரலேயாகும்.