மெட்ராஸ் கட்டமும் பெரியப்பாவின் தறியும்

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் மகள் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சித்தப்பா, இந்தச் சேலையைப் பாருங்க." இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பழைய வீட்டுத் தூணில் சாய்ந்து நிற்கிறார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கட்டம் போட்ட காட்டன் சேலை. படத்துக்கு அடியில் நீளமாக ஒரு பட்டியல். ரவிக்கை யார் வடிவமைத்தது, கம்மல் எந்தக் கடை, செருப்பு எந்த பிராண்ட், கைப்பை எந்த டிசைனர், படம் எடுத்தது யார், கொண்டை போட்டுவிட்டது யார், எல்லாம் இருக்கிறது. சேலைக்கு மட்டும் 'செட்டிநாடு காட்டன்' என்று இரண்டே சொல்.

பெரியப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம தெருச் சரக்குல்ல. முந்தியில மூணு கோடு போயிருக்கு பாரு, நடுக்கோடு மட்டும் தடிமனா. போன வருசம் சங்கத்துல குடுத்த டிசைனு. நாலு தறியில ஓடுச்சு."

"செட்டிநாடுன்னு போட்டிருக்காங்களே பெரியப்பா?"

"என்ன பேரு போட்டா என்ன? கூலி ஏறிருமா?"

டீயை முடித்துவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கிவிட்டார். அவர் பேச்சுக்குக் கேட்டதுதான், ஆனால் எனக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. இந்தக் குறிப்புகள் அங்கிருந்து வந்தவை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுந்தரபாண்டியம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் நடுவே இருக்கிற நெசவாளர் ஊர். இந்த வட்டாரமே நூலில் கட்டிய வட்டாரம்தான். ராஜபாளையத்தில் 1936இல் தொடங்கிய பஞ்சாலை, சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி. (தமிழ்நாட்டுப் பெண்களின் உடையை நிஜமாகவே மாற்றியது எந்த டிசைனரும் இல்லை, நைட்டிதான் என்பது என் கட்சி. அதைத் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.) எங்கள் ஊரில் காட்டன் சேலை. சின்ன வயசில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். அது காய்கிறவரை சைக்கிள் தெருவுக்குள் வரக்கூடாது.

நெய்தவன் ஊர்ப் பெயர் துணியில் ஒட்டாமல் போவது இன்ஸ்டாகிராம் காலத்துச் சங்கதி இல்லை. இதற்கு நேர் எதிரான கேஸ் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. ஊர்ப் பெயர் உலகம் பூராவும் ஒட்டிக்கொண்ட துணி, 'மெட்ராஸ்'. அமெரிக்காவில் ஒரு சட்டைக் கடையில் 'மெட்ராஸ் இருக்கா' என்று கேட்டால் கட்டம் போட்ட பருத்திச் சட்டையை எடுத்துப் போடுவார்கள். அது ஒரு ஊர் என்பதே அவர்களில் பல பேருக்குத் தெரியாது.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் இடம் பிடித்ததே துணிக்காகத்தான். கோட்டை எழும்பும்போதே நெசவாளர்களைக் கூப்பிட்டுக் குடிவைத்தார்கள். 1730களில் சிந்தாதிரிப்பேட்டை உண்டானதும் அப்படித்தான். இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் தறிச் சத்தத்துக்குப் பதிலாக அச்சகச் சத்தம்தான் கேட்கிறது. கோட்டைக்கு 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் 1718இல் அமெரிக்காவில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு நன்கொடை அனுப்பினார். 417 புத்தகங்கள், ராஜாவின் படம் ஒன்று, ஒன்பது பேல் சரக்கு. சரக்கில் பெரும்பாலும் துணி. விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். துணி கொடுத்தவர் பெயர் பல்கலைக்கழகமாக நிற்கிறது. துணி நெய்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கைக்குட்டைத் துணியின் கதை வேறு மாதிரி. நைஜீரியாவின் கடலோரத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்தக் கட்டம் போட்ட துணியை 'இஞ்சிரி' என்பார்கள். வாங்கி அப்படியே உடுத்துவதோடு நிற்பதில்லை. அங்குள்ள பெண்கள் குறிப்பிட்ட நூல்களை மட்டும் பிளேடால் நறுக்கி உருவி எடுத்து, கட்டத்துக்குள் புதிதாக வேறொரு கோலம் கொண்டுவந்துவிடுவார்கள். நம் நெசவாளர் போட்ட கட்டம் பாதி, அவர்கள் அறுத்த நூல் பாதி. தனி ஸ்டைல் என்று இன்றைக்கு ஆளாளுக்குப் பேசுகிறோமே, எனக்குத் தெரிந்து அதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1958க்கு வருவோம். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்து கேப்டன் கிருஷ்ணன் நாயரைப் பார்க்கிறார். கண்ணூர்க்காரரான நாயர் கைத்தறி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். அவரே பேட்டிகளில் சொன்ன கதை இது. ஜேக்கப்சனுக்குத் துணி பிடித்துப்போனது. "இது சாயம் போகும், பச்சைத் தண்ணியில பக்குவமா அலசணும்" என்று நாயர் சொல்லித்தான் அனுப்பினார். நியூயார்க்கில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குத் துணி போனது, எச்சரிக்கை போகவில்லை. சட்டை வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட, ஒரு கலர் இன்னொரு கலருக்குள் இறங்கிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வரை போனது சமாச்சாரம். நாயர் அமெரிக்கா போனார். அங்கே ஒரு பத்திரிகை ஆசிரியையோடு உட்கார்ந்து பேசியதில் புகார் விளம்பரமாக மாறிவிட்டது. ஒவ்வொரு சலவைக்கும் புதுச் சட்டை கிடைக்கிற அதிசயத் துணி! சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்தார்கள்.

நம் வீட்டில் சாயம் போகிற சேலையைக் கொடுத்தால் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவோம். அங்கே அதற்குத் தனி மவுசு. 1960களில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், மெட்ராஸ் பகுதியில் கையால் நெய்த, சாயம் இறங்குகிற பருத்தித் துணியைத்தான் 'மெட்ராஸ்' என்று விற்கலாம் என்று கருத்துச் சொல்கிற அளவுக்குப் போனது. யேல், பிரின்ஸ்டன் மாதிரிப் பெரிய இடத்துப் பிள்ளைகள் கோடைகாலத்தில் மெட்ராஸ் கோட்டும் அரைக்கால் சட்டையுமாகத் திரிந்தார்கள். அதே மாதிரிக் கட்டத்தில் கைலி கட்டிக்கொண்டு இங்கே ஒரு ஆபீஸுக்குள் போனால் பியூன் தடுத்துவிடுவார்.

இந்த மாணவர்களின் உடையைப் படம் எடுக்க ஜப்பானிலிருந்து ஒரு குழு கிளம்பிப் போனது. தெருயோஷி ஹயாஷிதா படம் எடுத்தார். 1965இல் 'டேக் ஐவி' என்ற புத்தகம் வந்தது. ஜப்பானிய இளைஞர்களுக்கு அது கிட்டத்தட்டப் பாடப்புத்தகம். அமெரிக்காவில் அப்படி ஒன்று இருப்பதே சில பேருக்குத்தான் தெரியும். நாற்பது வருஷம் கழித்து, 2008 வாக்கில், ஆண்கள் உடையைப் பற்றி எழுதுகிற சில வலைப்பூக்காரர்கள் அதன் பக்கங்களை ஸ்கேன் பண்ணிப் போட்டார்கள். பழைய பிரதி ஆயிரம் டாலருக்கு மேல் போனது. 2010இல் ஆங்கிலத்திலேயே பதிப்பித்துவிட்டார்கள். மெட்ராஸ் கட்டமும் கூடவே திரும்பி வந்தது.

ஃபேஷன் வலைப்பூக்களின் பொற்காலம் என்றால் அந்த நாலைந்து வருஷம்தான். ஸ்காட் ஷூமன் 2005இல் 'தி சார்ட்டோரியலிஸ்ட்' தொடங்கித் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் படம் எடுத்தார். டாவி கெவின்சன் 2008இல் தன் படுக்கையறையிலிருந்து எழுத ஆரம்பித்தபோது வயசு 11. 2009 செப்டம்பரில் மிலானில் டோல்ச்சே அண்ட் கபானா ஷோவில் வலைப்பூக்காரர்களை முன்வரிசையில் லேப்டாப்போடு உட்காரவைத்தார்கள். பெரிய பத்திரிகை ஆசிரியர்களின் இடம் அது. இந்தியாவில் 2007இலேயே 'ஹை ஹீல் கான்ஃபிடென்ஷியல்' வந்துவிட்டது. சென்னைக்காரர் புருஷு ஆரி மாதிரி வலைப்பூ எழுதி, பிறகு டிசைனராகவே ஆனவர்களும் உண்டு.

நானும் அப்போது ராத்திரி முழுக்க உட்கார்ந்து இவற்றைப் படித்தவன்தான். பத்திரிகைக்காரன் சொன்னால்தான் ஃபேஷன் என்பது உடைந்தது பெரிய விஷயம். யாரோ ஒருத்தர் தன் உடம்புக்கும் தன் காசுக்கும் தக்க உடுத்தி, அதை ஏன் உடுத்தினேன் என்று எழுதினார்கள். கூடவே 'இன்று நான் அணிந்திருப்பது' என்று பிராண்டுகளை எழுதும் பழக்கமும் வந்தது. ஆரம்பத்தில் நேர்மைக்காக எழுதினார்கள், பிறகு காசுக்காக. அண்ணன் மகள் காட்டிய பட்டியல் அந்தப் பழக்கத்தின் பேத்தி. அதில் விற்கிறவருக்கு இடம் உண்டு, வடிவமைத்தவருக்கு இடம் உண்டு. நெய்தவருக்கு ஒரு வரி இருக்க வேண்டும் என்று அந்த நாளில் எனக்கும் தோன்றவில்லை. நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கே தோன்றவில்லை.

இத்தனைக்கும் பக்கத்து ஊர்க் கதை வேறு மாதிரி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் கண்ணாடிக் கிணறு உண்டு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, அழகு பார்க்க ஆண்டாள் எட்டிப் பார்த்த கிணறு என்பார்கள். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. அந்தக் கதையில் சூடியவள் பெயரும் இருக்கிறது, மாலை கட்டிய அப்பா பெயரும் இருக்கிறது. பெரியாழ்வாரை விட்டுவிட்டு யாரும் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

சேலைக்கு அந்த மாதிரி ஒரு திருப்பம் 2015இல் வந்தது. பெங்களூரில் அஞ்சு முத்கல் கதம், ஆலி மத்தன் என்ற இரண்டு தோழிகள், வருஷத்தில் நூறு நாள் சேலை கட்டுவோம், ஒவ்வொன்றுக்கும் அதன் கதையை எழுதுவோம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அது பரவியது. அம்மா சேலை, கல்யாணச் சேலை என்று பீரோவுக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. கட்டியவர் கதைதான் பெரும்பாலும், ஆனால் 'இது எந்த ஊர் நெசவு' என்று கேட்கிற பழக்கமும் கூடவே வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 7இல் முதல் தேசியக் கைத்தறி நாளைச் சென்னையில் கொண்டாடினார்கள். கோ-ஆப்டெக்ஸ் சில சேலைகளோடு நெசவாளரின் படமும் பெயரும் போட்ட அட்டையை வைக்கத் தொடங்கியதும் அந்தக் காலம்தான். 2019இல் கண்டாங்கிச் சேலைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் வீரவநல்லூர் செடிபுட்டாவுக்கு.

பெரியப்பா கேட்டதற்கு வருகிறேன். பெயர் வந்தால் கூலி ஏறுமா? மெட்ராஸ் என்ற பெயருக்கு உலகத்தில் இருந்த மதிப்புக்கு, அதை நெய்தவர்கள் மாளிகை கட்டியிருக்க வேண்டும். ஆகையால் பெயர் மட்டும் வந்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெயரே இல்லாத சரக்குக்கு விலை பேசுகிற பேச்சு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. இன்ஸ்டாகிராமில் இருந்த விலையில் பெரியப்பாவின் கூலி எத்தனையில் ஒரு பங்கு என்று அண்ணன் மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். என்னிடம் காட்டினாள், அவரிடம் காட்டவில்லை.

அதற்குப் பதில் வேறொரு காரியம் செய்தாள். பெரியம்மாவிடம் அதே டிசைனில் ஒரு சேலை இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு தறிக்குழிப் பக்கத்தில் நின்றாள், நான் படம் எடுத்தேன். "சுந்தரபாண்டியம்னு போட்டு உங்க பேரையும் போடட்டுமா தாத்தா?" என்று கேட்டாள். நாடாவை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "பாவு ஓட்டுனது நான். தார் சுத்துனது ஒம் பாட்டி. போடறதுன்னா ரெண்டு பேரையும் போடு." ரவிக்கை வத்திராயிருப்பு டெய்லர் தைத்தது என்பதையும் மறக்காமல் எழுதினாள்.

சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் சேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ச் சொன்னாள். பெரியப்பா அப்போதுதான் தறியை மூடித் துணி போர்த்திக்கொண்டிருந்தார்.

"சங்கத்துப் பாவு தாயி. நூலும் அவங்களுது, சேலையும் அவங்களுது. வெளிய குடுக்கப்படாது." கொஞ்ச நேரம் கழித்து, "பதினோரு பேரா?" என்றார்.