ஆளைப் பொறுக்குவது யார்?

பள்ளிகொண்டாவில் எங்கள் சேரி முனையில் வெகுகாலம் ஒரு கொடிக்கம்பம் நின்றது. அதை நட்டவர் என் பெரியப்பா. ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி முப்பது வருஷம் கால் வெந்தவர். கட்சியில் கிளைச் செயலாளர். அதற்கு மேல் ஒன்றியம், அதற்கு மேல் மாவட்டம், அதற்கு மேல் தலைமை. கிளை வரைக்கும் நம்ம ஆள். ஒன்றியம் என்றால் ஊர் ஆள். நான் கண்ணால் பார்த்த கட்சி அமைப்பு இதுதான்.

ஒருமுறை பக்கத்துத் தனித் தொகுதிக்கு விருப்ப மனு போட்டார். மனுவுக்குக் கட்டிய பணம் பெரியம்மாவின் கம்மல். சென்னையில் நேர்காணல் முடிந்து வந்தவரைக் கேட்டேன்:

"இன்னா கேட்டாங்க பெரிப்பா?"

"எவ்ளோ செலவு பண்ணுவேன்னு கேட்டாங்க. நம்ம ஜனத்துக்கு இன்னா செய்வேன்னு ஒருத்தரும் கேக்கல."

சீட்டு மாவட்டத்துக்கு வேண்டிய ஒருவருக்குப் போனது. அவரும் நம்ம சாதிதான். ஆனால் எங்கள் சேரிக்கு அவர் முகம் சுவரொட்டியில்தான் தெரியும்.

தனித் தொகுதியில் நிற்பவர் தலித். சரி. அவரைப் பொறுக்கியவர் யார்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தமிழ் எம்.ஏ. வரை படித்தும் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோருக்கு மாகாண சபைகளில் 71 இடங்கள் கொடுத்தது. அங்கே நாமே நிற்போம், நாமே ஓட்டுப் போடுவோம். பொதுத் தொகுதியில் இன்னொரு ஓட்டும் உண்டு. காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். அம்பேத்கரோடு நம் மாகாணத்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் கையெழுத்திட்டார்கள். 71 இடம் 148 ஆனது. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. எண்ணிக்கை கூடியது, தனி வாக்காளர் தொகுதி போனது.

போனதில் ஒரு துண்டு மிஞ்சியது. அதுதான் முதற்கட்டத் தேர்தல். ஒரு தொகுதியின் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஆளுக்கொரு ஓட்டுப் போட்டு நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பிறகு எல்லாச் சாதியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். பத்தாண்டுக்கு மட்டும் இந்த ஏற்பாடு.

ஓட்டை எங்கே என்று பாருங்கள். நம்மிடம் முதலாவதாக வந்தவர் கடைசிச் சுற்றில் தோற்கலாம். நாலாவதாக வந்தவர் ஊர் ஓட்டில் ஜெயிக்கலாம். 1946இல் அதுதான் நடந்தது. என்.சிவராஜ் தலைவராயிருந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் ஆட்கள் பலர் முதற்கட்டத்தில் முந்தினார்கள், இறுதியில் காங்கிரசிடம் தோற்றார்கள். 151 தனி இடங்களில் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை 2. அப்படியும் ஒன்று சொல்ல வேண்டும்: 'இவர் வேண்டும், இவர் வேண்டாம்' என்று நம் ஜனத்தைச் சட்டப்படி கேட்டது அந்த ஒரு காலத்தில்தான்.

1950இல் அரசியல் சட்டம் வந்தது. தனி இடங்கள் நீடித்தன, முதற்கட்டத் தேர்தல் இல்லை. கொஞ்ச காலம் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இரண்டு இடத்தையும் பழங்குடியினரே பிடித்தார்கள். தோற்ற வி.வி.கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார், அங்கேயும் தோற்றார். 1961இல் இரட்டைத் தொகுதி முறையே எடுக்கப்பட்டது.

இன்று எல்லாம் ஒரு காகிதத்தில் இருக்கிறது. பி ஃபார்ம். மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் கட்சித் தலைமை கையெழுத்திட்ட அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் நீ கட்சி வேட்பாளர், இல்லையேல் சுயேச்சை. யாரைக் கேட்டுக் கையெழுத்திட்டாய் என்று எந்தச் சட்டமும் தலைமையைக் கேட்பதில்லை.

நம்ம கட்சிகள் இருக்கின்றனவே என்பீர்கள். எங்கள் பக்கத்துக் கே.வி.குப்பம் தனித் தொகுதியைப் பாருங்கள். 2011இல் குடியரசுக் கட்சியின் செ.கு.தமிழரசன், 2021இல் புரட்சி பாரதத்தின் பூவை ஜெகன்மூர்த்தி. இருவரும் ஜெயித்தது இரட்டை இலையில். அடுத்தவர் சின்னத்தில் ஜெயித்தால் சட்டசபைக் கணக்கில் நீ அவர்கள் உறுப்பினர். கொறடா சொன்ன பக்கம் கை தூக்க வேண்டும். 2001இல் மங்களூரில் உதயசூரியனில் ஜெயித்த திருமாவளவன் 2004இல் பதவியையே துறந்தார். விடுதலைச் சிறுத்தைகளுக்கு மாநிலக் கட்சி அங்கீகாரமும் பானைச் சின்னமும் கிடைக்க 2025 ஆனது.

சின்னம் நம்முடையதானது பெரிய காரியம். ஆனாலும் நான் நம்மவர்களையும் கேட்பேன்: நம் கட்சியில் வேட்பாளரைச் சேரி பொறுக்குகிறதா, தலைமை பொறுக்குகிறதா? பூனாவில் மிஞ்சிய அந்தத் துண்டை நமக்குச் சட்டம் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெட்டி வைத்தால் போதும்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். சுண்ணாம்பு அரித்த பாதத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"பெட்டி வைக்கலாம்டா. அத எண்றது யாரு?"