காலவெளிக் குறிமுறை

காலவெளிக் குறிமுறை என்பது கம்பியில்லாத் தொடர்பில் ஒரே தகவலைப் பல அலைக்கம்பங்கள் வழியாகவும் பல நேரக்கூறுகளிலும் பரப்பி அனுப்பும் முறையாகும். பெயரில் காலவெளி இருப்பினும் சார்புக் கோட்பாட்டிற்கும் இதற்கும் தொடர்பில்லை. கட்டிடங்களில் பட்டுத் தெறித்து வரும் வானலைகள் ஒன்றையொன்று அழிக்கும்போது குறிகை பெரிதும் வலுவிழக்கிறது. இது மங்கல் எனப்படும். ஒரு தடம் மங்கினும் மற்றொன்று தகவலைக் கொண்டு சேர்க்கும் என்பதே இம்முறையின் அடிப்படை.

அலமூட்டி குறிமுறை

1998இல் சியாவாஷ் அலமூட்டி வெளியிட்ட குறிமுறை இவற்றுள் மிக எளியது. முதல் நேரக்கூறில் இரு கம்பங்களும் முறையே அ, ஆ என்னும் சிக்கலெண்களை அனுப்பும். அடுத்த கூறில் முதற்கம்பம் ஆ-வின் இணையெண்ணை எதிர்க்குறியுடனும், இரண்டாவது அ-வின் இணையெண்ணையும் அனுப்பும். இவ்வமைப்பு செங்குத்தானது. ஆதலால் வாங்கி ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியே கண்டறியலாம். இரண்டுக்கு மேற்பட்ட கம்பங்களுக்கு, வேகம் குறையாத இத்தகைய சிக்கலெண் அமைப்பு இல்லை.

உறுதியான வடிவமைப்பு

அதே ஆண்டில் தரோக், சேஷாத்ரி, கால்டர்பாங்க் ஆகியோர் இரு அளவுகோல்களைத் தந்தனர்: எந்த இரு குறிச்சொற்களின் வேறுபாட்டு அணியும் முழுத்தரம் உடையதாக இருத்தல் வேண்டும்; அதிலிருந்து பெறப்படும் அணிக்கோவையின் மிகச்சிறு மதிப்பு இயன்றவரை பெரிதாதல் வேண்டும். ஆயினும் இவை தடங்கள் ஒன்றையொன்று சாராமல் மாறுகின்றன என்ற கருதுகோளில், சராசரிப் பிழையைக் கணித்துப் பெறப்பட்டவை. நடைமுறையில் கைபேசியின் கம்பங்கள் நெருங்கியிருப்பதால் அவற்றின் தடங்கள் சேர்ந்தே மங்கக்கூடும். கோபுரம் நேர்ப்பார்வையில் இருந்தால் தடங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலாகிவிடும். ஒருவகை மங்கலுக்கெனச் செதுக்கிய குறிமுறை அங்கே தடுமாறும்.

2006இல் தவில்தார், விசுவநாத் ஆகியோர் கேள்வியையே மாற்றினர். மங்கலின் புள்ளியியல் எதுவாயினும், தகவலைத் தாங்கவல்ல ஒவ்வொரு தடத்திலும் குறிமுறை பிழைக்க வேண்டும் என்றனர். இரு கம்பங்களிலிருந்து இரு கம்பங்களுக்கு அனுப்புகையில் இதற்கான நிபந்தனை, குறியீடுகளின் எண்ணிக்கை பெருகினும் அணிக்கோவை சுழியை நெருங்காதிருத்தல். பெல்ஃபியோர், ரேக்காயா, விட்டர்போ ஆகியோர் பொன்விகிதத்தைக் கொண்டு 2005இல் அமைத்த பொற்குறிமுறை இதனை நிறைவேற்றுகிறது. வாங்கும் கம்பம் ஒன்றேயாயின் அலமூட்டி குறிமுறையே போதும்.

விலை கணக்கீட்டில் உள்ளது. பொற்குறிமுறையில் நான்கு குறியீடுகள் பின்னிக் கிடப்பதால், 16 நிலைக் குறியேற்றத்தில் 65,536 சேர்க்கைகள் எழுகின்றன. கோளத் தேடல் போன்ற உத்திகள் இச்சுமையைக் குறைக்கின்றன. எல்டிஇ தரமோ அலமூட்டி அமைப்பையே, நேரக்கூறுகளுக்குப் பதிலாக அடுத்தடுத்த அதிர்வெண்களில் கையாள்கிறது.