கடன் பூலில் போட்ட பணத்தை எடுப்பது யாரால் முடிந்தது?

நிரலுக்குச் சாதி தெரியாது, மேலாளர் இல்லை, சிபாரிசு தேவையில்லை, யாரும் பணம் போடலாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கிரிப்டோ கடன் பூல்களைப் பற்றிய இந்தப் பேச்சு நம் மாணவர்களின் காதுக்கும் வந்துவிட்டது. வங்கி வாசலில் அவமானப்பட்ட குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இது இனிக்கத்தான் செய்யும். ஆனால் பணத்தை எடுக்கப் போனவர்களின் வரலாற்றையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஃபின்லாந்தில் சட்டம் படித்த ஸ்டானி குலெச்சோவ் 2017இல் ஈத்லெண்ட் என்ற தளத்தைத் தொடங்கினார். ஒரு கடன்காரருக்கு ஒரு கடன் கொடுப்பவரைத் தேடிப் பிடிக்கும் முறை அது. ஆள் கிடைக்காவிட்டால் வேலை நடக்காது. 2018இல் வந்த காம்பவுண்ட், எல்லோருடைய பணத்தையும் ஒரே தொகுப்பில் சேர்த்து அதிலிருந்து கடன் கொடுத்தது. ஈத்லெண்டும் 2020 ஜனவரியில் அதே வழியில் ஆவே என்ற பெயரில் மறுபடி வந்தது. ஃபின்னிஷ் மொழியில் ஆவே என்றால் பேய்.

இந்தப் பூலில் ஆயிரம் டாலர் மதிப்புள்ள நாணயத்தைப் போட்டால், ரசீது போல ஒரு டோக்கன் நம் வாலட்டுக்கு வரும். எடுக்கும்போது அந்த ரசீது அழிந்து, வட்டியோடு பணம் திரும்பும். கடன் வாங்குகிறவர் வாங்கும் தொகையைவிட அதிக மதிப்புள்ள சொத்தை ஈடாக வைத்திருக்க வேண்டும். நிரலுக்குச் சாதி தெரியாது, சரி. சொத்து இல்லாதவருக்கு அங்கே கடனும் கிடையாது. நிலம் இருப்பவனுக்கு மட்டும் கடன் கொடுக்கிற பழைய வழக்கம்தான் இது, கணினியில் ஏறியிருக்கிறது.

எடுப்பதற்கும் நிபந்தனை உண்டு. பூலில் உள்ள பணம் முழுக்கக் கடனாகப் போயிருந்தால், நம் கோரிக்கையை ஒப்பந்த நிரல் நிராகரித்துவிடும். அப்போது அது செய்யக்கூடியது, வட்டியைச் சட்டென்று ஏற்றுவது. ஏறிய வட்டிக்குப் பயந்து யாராவது கடனைக் கட்ட வேண்டும், அல்லது யாராவது புதிதாகப் பணம் போட வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

2022 ஜூனில் சொலானா வலையமைப்பில் இருந்த சொலெண்ட் பூலில் இது நடந்தது. ஒரே ஒரு பெரும்புள்ளி 57 லட்சம் சோல் நாணயத்தை ஈடாக வைத்து 10.8 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தார். பூலில் இருந்த சோல் நாணயத்தில் சுமார் 95 சதவீதம் அவருடையது. சாதாரணமாக டாலர் நாணயம் போட்டவர்கள் எடுக்கப் போனால் பூலில் மிச்சமில்லை. ஜூன் 19 அன்று, அந்தப் பெரும்புள்ளியின் கணக்கை நிர்வாகமே கையில் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு வாக்கெடுப்பு வைத்தார்கள். சில மணி நேரத்தில் 97 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு நிறைவேறியது. அதில் பெரும்பகுதி வாக்குகள் ஒரே வாலட்டிலிருந்து வந்தவை! எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே இன்னொரு வாக்கெடுப்பு வைத்து முடிவை ரத்து செய்தார்கள்.

அங்கே ஆளுக்கு ஒரு வாக்கு கிடையாது, டோக்கனுக்கு ஒரு வாக்கு. இது நமக்குத் தெரிந்த கதைதான். 1919இல், சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அண்ணல் அம்பேத்கர் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தார். தீண்டப்படாதோரின் வறுமையைச் சுட்டிக்காட்டி, அவர்களுக்கு வாக்குரிமைத் தகுதியைக் குறைக்க வேண்டும் என்று கேட்டார். சொத்தை அளந்து வாக்கு கொடுத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பது அவருக்கு அன்றே தெரியும்.

பூலில் பணம் இருந்தும் வாசல் மூடிக்கொண்ட சம்பவமும் உண்டு. 2022 ஆகஸ்ட் 8 அன்று டொர்னாடோ கேஷ் என்ற கலவைச் சேவைக்கு அமெரிக்கக் கருவூலத்துறை தடை விதித்தது. யாரோ ஒருவர் அந்தச் சேவையிலிருந்து பிரபலங்களின் வாலட்டுகளுக்குத் தலா 0.1 ஈத்தர் அனுப்பிவிட்டார். வருகிற நாணயத்தை வேண்டாமென்று தடுக்க வாலட்டில் வழியில்லை. அப்படிப் பணம் வந்து சேர்ந்த முகவரிகளை ஆவேயின் இணையப் பக்கம் தடுத்தது. தொட்டதாலேயே தீட்டு! தடைச்சட்டமும் சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு வேறு சொல் தோன்றவில்லை. தடுக்கப்பட்டவர்களில் ஒருவர் பெரும் பணக்காரரான ஜஸ்டின் சன். அவர் பகிரங்கமாகச் சொன்னார், செய்தியானது, தடையும் சீக்கிரமே சரிசெய்யப்பட்டது.

அன்று மூடியது இணையப் பக்கம் மட்டும்தான். ஒப்பந்த நிரல் திறந்தே இருந்தது. ஈதர்ஸ் ஜேஎஸ் அல்லது வெப்3 பை போன்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர் தன் கோரிக்கையைத் தானே தயாரிக்கலாம். பூலின் ஒப்பந்த முகவரி வேண்டும். எந்த நாணயம், எவ்வளவு, எந்த முகவரிக்கு என்ற மூன்று விவரங்களை நிரப்பி, கேஸ் கட்டணம் குறிப்பிட்டு, தன் கணினியிலேயே கையொப்பமிட்டு அனுப்பலாம். நிரல் எழுத வராதவர்கள்கூட ஈதர்ஸ்கேன் தளம் வழியாக அதே கோரிக்கையை அனுப்ப முடியும். ஆக, உரிமை எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அதைப் பயன்படுத்தும் வழி தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்.

இதே வித்தியாசம் 2020 மார்ச் 12 அன்று இன்னும் கொடூரமாகத் தெரிந்தது. ஈத்தர் விலை ஒரே நாளில் சரிய, வலையமைப்பு நெரிசலில் கேஸ் கட்டணம் எகிறியது. மேக்கர் என்ற கடன் தளத்தில் ஈட்டுச் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. பலருடைய ஏல மென்பொருள்கள் பழைய கட்டணத்திலேயே கோரிக்கை அனுப்பிச் சிக்கிக்கொண்டன. கட்டணத்தை உயர்த்தி அமைத்திருந்த சிலர் பூஜ்ய விலை கேட்டு, ஏறக்குறைய 80 லட்சம் டாலர் மதிப்புள்ள ஈத்தரை அள்ளிப் போனார்கள். விதியை யாரும் மீறவில்லை.

இதில் பணம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருவியைக் கற்றுக்கொள்ளப் பணம் தேவையில்லை. செபோலியா என்ற சோதனை வலையமைப்பில் மதிப்பில்லாத நாணயத்தை வைத்து, பூலில் போட்டு எடுக்கிற கோரிக்கையை நாமே எழுதிப் பார்க்கலாம். வாசிப்பு வட்டம் நடத்தும் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு எச்சரிக்கை: சிக்கிய பணத்தை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி, வாலட்டின் ரகசியச் சொற்றொடரைக் கேட்கும் மென்பொருள்களும் தளங்களும் திருட்டு. கோரிக்கை தயாரிக்க அந்தச் சொற்றொடரை எந்த இணையதளத்துக்கும் கொடுக்க வேண்டியதில்லை.