கல்வராயன் நாட்டில் காப்போர் கடன்

தென்பெண்ணை திருக்கோவிலூரைத் தழுவிச் செல்லுமிடத்தில், ஆற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் ஒற்றைப் பாறையையும் அதன் உச்சியில் அமைந்த சிறு கோயிலையும் ஊரார் கபிலர் குன்று என்றே வழங்கி வருகின்றனர். மூவேந்தரும் பறம்பு மலையை முற்றி வேள் பாரியை வீழ்த்திய பின்னர், தந்தையையும் நாட்டையும் ஒருங்கே இழந்து நின்ற அவன் மகளிரைத் தம் பொறுப்பில் ஏற்று, குறுநில மன்னரான விச்சிக்கோனிடத்தும் இருங்கோவேளிடத்தும் அழைத்துச் சென்று அவர்களை மணம் முடித்துக் கொடுக்க முயன்று, இரு வாயில்களிலும் மறுக்கப்பட்டு, இறுதியில் அம்மகளிருக்கு ஒரு புகலிடம் வாய்த்த பிறகே நண்பனைப் பின்தொடர்ந்து தம் உயிரையும் நீத்த புலவரின் நினைவை அப்பாறை இன்றளவும் சுமந்து நிற்கிறது. கபிலர் அம்மகளிரை அந்தணரிடம் அடைக்கலப்படுத்திவிட்டு வடக்கிருந்தார் என்பது புறநானூற்றின் பழங்குறிப்பு. பாரியின் மகளைத் திருக்கோவிலூர்த் தலைவனான மலையமானுக்கு ஈந்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்பது, முதலாம் இராசராசன் காலத்தில் திருக்கோவிலூர் வீரட்டானத்தில் வெட்டப்பெற்ற கல்வெட்டின் கூற்று. செய்திகள் வேறுபட்டாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன: ஆதரவற்ற பெண்களின் பொறுப்பை உரிய இடத்தில் சேர்ப்பிக்காமல் இறக்கும் உரிமைகூடத் தமக்கு இல்லை என்று அப்பெரியவர் கருதியிருக்கிறார்.

அதே திருக்கோவிலூர் மலையமானின் மக்களுக்கும் இத்தகைய ஆபத்து ஒன்று நேர்ந்ததுண்டு. தந்தையின் மேலிருந்த பகையைப் பிள்ளைகள்மேல் தீர்த்துக்கொள்ள எண்ணிய சோழன் கிள்ளிவளவன், அச்சிறுவரை யானைக் காலில் இடுவிக்க முற்பட்டபோது, புலவர் கோவூர் கிழார் குறுக்கே சென்று நின்றார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட அப்பிள்ளைகள், சுற்றிலும் கூடியிருந்த முகம் அறியாத மனிதரைக் கண்டே மருண்டு நின்றனர் என்பதை அரசனுக்குச் சுட்டிக்காட்டி, உன் குலத்தின் கருணையையும் இவர்கள் குலத்தின் வண்மையையும் எண்ணிப்பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்று அவர் சொன்ன சொல்லால் பிள்ளைகள் பிழைத்தனர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் அடங்கும் ஒரே ஊரைச் சுற்றி இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் அமைந்திருப்பதும், இரண்டிலும் அரசுரிமையோ இரத்த சம்பந்தமோ இல்லாத ஒருவர் பிறர் பெற்ற மக்களுக்காகத் தம்மைப் பணயம் வைத்திருப்பதும், இந்த நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியவை என்பது என் கருத்து.

இவை மன்னர் வீட்டுப் பிள்ளைகளின் கதைகளே. சாமானியர் வீட்டில் ஆண்மகன் மாண்டால் நேர்ந்தது என்ன என்பதற்கு நடுகற்களைத்தான் நாட வேண்டும். இதே மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கு வடக்கேயுள்ள செங்கம் பகுதியில், பல்லவர் காலந்தொட்டு நிறுத்தப்பட்ட நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆநிரை கவர வந்தவரோடு பொருது பட்டவன், கவர்ந்து சென்ற நிரையை மீட்டுப் பட்டவன் என்று, சின்னஞ்சிறு ஊர்களின் எளிய வீரர்களுடைய பெயர்களை அவை தாங்கியிருக்கின்றன. ஊருக்காக இறந்தவனுக்குக் கல் எடுத்துச் சிறப்புச் செய்ததோடு அக்காலத்தவர் நின்றுவிடவில்லை. அவன் சிந்திய குருதிக்கு ஈடாக அவனைச் சார்ந்தோருக்கு நிலமும் அளித்தனர். அந்நிலம் நெய்த்தோர்ப்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் தமிழகக் கல்வெட்டுகளில் பெயர் பெறுகிறது. தலைவனை இழந்த குடும்பத்திற்குத் தானியமும் துணியும் கொடுத்து அனுப்பிவிடாமல், உழுது உண்பதற்கு உரிமையுள்ள மண்ணையே கொடுத்ததில் ஒரு தீர்க்கதரிசனம் இருந்தது. தானியம் அடுத்த அறுவடைக்குள் தீர்ந்துவிடும், நிலமோ பிள்ளைகள் தலையெடுக்கும் வரையில் சோறு போடும் என்பதை அறிந்தே அவர்கள் அவ்வாறு செய்தனர்.

மலைமேல் நிலைமை வேறு. கல்வராயன் மலையில் வாழ்வோர், அரசுப் பதிவேடுகளில் மலையாளி என்று குறிக்கப்படும், ஆனால் கேரளத்தோடு யாதொரு தொடர்புமின்றித் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட பழங்குடியினர் ஆவர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து, அண்ணன் தம்பியராய்ப் பிரிந்து, வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, கடுக்காயும் தேனும் புளியும் சேகரித்து வாழ்ந்த இம்மக்களிடையே ஊருக்கு ஒரு கவுண்டரும் அவருக்கு மேல் நாட்டுத் தலைமையும் இருந்து, கல்யாணம், பிரிவினை, தகராறு அனைத்தையும் ஊர்ப் பஞ்சாயத்திலேயே தீர்த்துவந்தனர். பரிசம் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதேயன்றி, மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கொடுப்பதன்று. கணவனை இழந்தவள் மறுபடியும் ஒருவனோடு வாழத் தலைப்பட்டால் அதற்குத் தடையும் இருந்ததில்லை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்திய குலங்களையும் குடிகளையும் பற்றிய நூலும் இம்மலைவாசிகளின் வழக்கங்களைப் பதிவு செய்திருக்கிறது.

இம்மலை வழக்கத்தைச் சமவெளியின் மேட்டுக்குடி வீடுகளோடு ஒப்பிட்டு நோக்குவோருக்கு வியப்பு உண்டாகாமல் இராது. விதவைக்கு மறுமணம் சட்டப்படி செல்லும் என்று சொல்வதற்கே 1856ஆம் ஆண்டில் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது; அச்சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், பதினோரு வயதில் மணமாகி உடனேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்று, 1912இல் சென்னையில் இளம் விதவைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கியபோது, அவர்களைப் படிக்க வைப்பதையே பெரும் அபசாரமாகக் கருதியவர் எண்ணற்றோர். மாநகரத்தின் கல்விமான்கள் போராடிப் பெற வேண்டியிருந்த ஒரு தர்மத்தை, எழுத்தறிவே எட்டாத மலையூர்கள் யாருடைய போதனையுமின்றிக் கைக்கொண்டிருந்தன என்பதை நாம் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஆயினும் மலை வழக்கத்தை மிகைப்படப் புகழ்வதும் உண்மைக்குப் பொருந்தாது. மறுமண உரிமை இருந்தது. மண்ணின் உரிமை இல்லை. நிலம் தந்தை வழியே மைந்தருக்குச் செல்வது அவர்களுடைய மரபு. அதற்கும் மேலாக, உழுத குடிகள் எவருக்குமே நிலம் உறுதியான சொத்தாக இருக்கவில்லை. மலையின் பெரும்பகுதி சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரர் பரம்பரைகளின் ஆட்சியில் இருந்தது. விஜயநகர மன்னர் காலத்திலேயே தங்கள் உரிமை வழங்கப்பட்டது என்று அவர்கள் சொல்லிவந்தனர். கும்பினியார் போயினர், வெள்ளைக்கார சர்க்கார் போயிற்று, ஜமீன்தாரி ஒழிப்பு வந்தது, குடியரசும் வந்தது. இம்மலையில் மட்டும் ஜாகீர் நீடித்து, 1976ஆம் ஆண்டு நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசாங்கம் அதை நேரடியாகத் தன் வசம் எடுத்துக்கொண்டது. சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய மூன்று தசாப்தங்கள் வரையில் பட்டா என்ற ஒன்றை இம்மலைக் குடும்பங்கள் கண்ணால் கண்டதில்லை. ஆண்மகன் உயிரோடிருந்தபோதே அவனுக்கு இல்லாத உரிமை, அவன் இறந்த பின் அவன் மனைவிக்கு எங்கிருந்து வரும்?

அரசாங்கத்தின் ஆதரவும் தாமதமாகவே மலையேறியது. சென்னை ராஜ்யத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், மாதம் 20 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை 1975இல் வந்தது. விதவை மறுமணத்தை ஊக்குவிக்க டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான நிதியுதவியும் அதே ஆண்டைச் சேர்ந்தது. 1975இல் அவ்வுதவிகள் அறிவிக்கப்பட்டபோது கல்வராயன் மலையில் ஜாகீர்தாரர் ஆட்சி இன்னும் முடிந்திருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே தமிழ்நாட்டுக்குள் இரண்டு யுகங்கள் அருகருகே இருந்தமை புலனாகும். முதியோருக்கும் விதவைகளுக்குமான உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முன்பு தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து கொடுத்துச் சென்றதை இப்போது வங்கித் தொடர்பாளர் கைரேகை இயந்திரத்தோடு வந்து கொடுக்கிறார். ஆயுள் முழுவதும் கொத்தும் அரிவாளும் பிடித்து, கடுக்காய் உடைத்து, ரேகை தேய்ந்துபோன விரலை ஒரு பாட்டி அந்தச் சிறு கண்ணாடிமேல் வைக்கிறாள், இயந்திரம் ஏற்கவில்லை, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்து மறுபடி வைக்கிறாள், அடுத்த விரலை முயலுங்கள் என்கிறார் வந்தவர். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகும் அடுத்த முறை பார்க்கலாம் என்று அவளைத் திருப்பி அனுப்ப நேர்வது, உழைத்து உழைத்தே தன் அடையாளத்தை இழந்தவளுக்கு நாம் செய்யும் பெரிய அநீதி.

அப்பாட்டியின் பின்னே பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் நிற்பர். மரவள்ளிக்கும் மழைக்கும் இடையே வருஷம் முழுவதும் வேலை கிடைக்காத மலையிலிருந்து இளந்தம்பதியர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும், தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட, குழந்தைகள் கிழவர் பொறுப்பிலும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் வளர்கின்றனர். ஒரு காலத்தில் முதியோரைக் காக்கும் கடன் இளையோருடையதாக இருந்தது. இன்று தள்ளாத வயதினர் பிள்ளைகளைக் காக்கின்றனர். அவர்களுக்கு வரும் உதவித்தொகை அவர்களுக்காக மட்டும் செலவாவதில்லை.

மலையின் கீழேயும் காப்போரை இழந்த குடும்பங்கள் உண்டு. 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நடந்ததைத் தமிழ்நாடு அத்தனை எளிதில் மறந்துவிடாது. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். அடுத்தடுத்த வீடுகளில் ஒரே நாளில் தாலி இறங்கிய தெருக்களை நாம் பத்திரிகைப் படங்களில் பார்த்தோம். தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரையில் மாதம் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் வைப்புத் தொகையும், படிப்புச் செலவும் அரசு அறிவித்தது. குற்றம் செய்து மாண்டவனுக்கு எதற்குப் பணம் என்று அப்போது சிலர் கேட்டனர். அக்கேள்வியில் கருணை மட்டுமன்று, விவேகமும் இல்லை. குடித்தவன் போய்விட்டான், அரிசி வாங்கவும் பள்ளிக்கு அனுப்பவும் எஞ்சியிருப்பவள் குடிக்காதவள். யானையின் முன் நின்ற மலையமானின் பிள்ளைகளும் தந்தையின் பகைக்குப் பொறுப்பாளிகள் அல்லரே; அவர்களுக்காகத்தானே கோவூர் கிழார் வழக்காடினார்?

அந்தத் துயரத்தின் விளைவாகவே, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், பள்ளி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் அரசு செய்திருப்பது என்ன என்று வினவியது. நகரத்துச் சாவு மலையின் வறுமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது வருந்தத்தக்கதே எனினும், கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்பட்டது.

இனி, மலையில் கணவனை இழந்தவளின் நில உரிமை குறித்துச் சட்டம் சொல்வதையும் எடுத்துரைக்க வேண்டும். சமவெளிப் பெண்ணுக்குப் பங்கு அளித்த 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவிக்கை செய்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் இரண்டாம் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. பழங்குடிப் பெண்ணுக்கு மூதாதையர் சொத்தில் பங்கு மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சத்தீஸ்கர் வழக்கொன்றில் தீர்ப்பளித்திருப்பது ஆறுதல் தரினும், ஒவ்வொரு விதவையும் தீர்ப்பைத் தேடிக் கோர்ட்டுக்குப் போக இயலாது. அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே. அதன் நான்காம் பிரிவு, வனநிலத்தின்மீதான உரிமை வாரிசுகளுக்குச் செல்லும், விற்கவோ மாற்றவோ முடியாது என்பதோடு, மணமானவராயின் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும் என்றும் விதிக்கிறது. பழைய நெய்த்தோர்ப்பட்டி கணவன் மாண்ட பின் கொடுக்கப்பட்டது. இவ்வுரிமையோ அவன் உயிரோடிருக்கும்போதே மனைவியின் பெயரையும் ஏற்றிவிடுவதால், அதனினும் மேலானது.

அவ்வுரிமைக்கான மனுவைப் பெற்று முதலில் பரிசீலிக்க வேண்டியது கிராம சபை. அச்சபை ஆண்டுதோறும் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி முதலிய நாள்களில் கூடுகிறது. கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அந்நாள்களில் கூடும் பெரியோர்கள், வந்திருக்கும் ஒவ்வொரு மனுவிலும் மனைவியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துக் கேட்க வேண்டும். விடுபட்டிருந்தால் அங்கேயே, அப்போதே, சேர்க்கச் சொல்ல வேண்டும்.