தரங்குறைந்த மருந்துகள் (வளரும் நாடுகள்)

உரிமம் பெற்ற ஆலையிலிருந்து வந்தும் மருந்துப்பொருளின் அளவிலோ தூய்மையிலோ கரையும் தன்மையிலோ விதித்த தரத்தை எட்டாதவை தரங்குறைந்த மருந்துகள். பெயர், தயாரிப்பாளர், உட்பொருள் ஆகியவற்றில் வேண்டுமென்றே ஏமாற்றுபவை போலி மருந்துகள். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தனித்தனியே வரையறுத்தது. அதற்கு முன்பு எல்லாவற்றையும் 'கள்ள மருந்து' என்று ஒரே சொல்லில் அடக்கியது வணிகச்சின்ன வழக்குகளையும் இதற்குள் இழுத்து வந்தது. மலிவான ஜெனரிக் மருந்துகளும் அந்தப் பட்டியலில் அடைபட்டுவிடும் என்று இந்தியா போன்ற நாடுகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது.

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பரிசோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ 10.5 சதவீதம் இவ்விரு வகைகளில் ஒன்றைச் சேர்ந்தவை என்று அந்த நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. இவற்றுக்காக அந்நாடுகள் செலவிடும் தொகை ஆண்டுக்குச் சுமார் 3,050 கோடி டாலர் இருக்கலாம். இவை தோராய மதிப்பீடுகளே.

உயிரிழப்பை எண்ணுவது இன்னும் கடினம். பாதி வீரியமுள்ள மாத்திரையைத் தின்று மலேரியாவில் இறந்தவரின் பெயர் மலேரியாக் கணக்கில்தான் ஏறும். மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. அதனால் கணித மாதிரிகளின் கணக்கீடுகளை நம்ப வேண்டியிருக்கிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இத்தகைய மலேரியா மருந்துகளால் ஆண்டுதோறும் சுமார் 1,16,000 பேர் கூடுதலாக இறக்கக்கூடும் என்பது அவற்றுள் ஒன்று. மலேரியா தீராததால் மறுபடி மருத்துவம் பார்க்க அங்குள்ள நோயாளிகளும் அரசுகளும் செலவிடுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.85 கோடி டாலர். நிமோனியாவுக்கான ஆன்டிபயாடிக்குகளின் தரக் குறையால் இறக்கும் குழந்தைகள் ஆண்டுக்கு 72,000 முதல் 1,69,000 வரை என்பது இன்னொரு கணக்கு.

குறை மருந்து, மருந்தே இல்லாததைவிட ஒருவகையில் மோசம். கிருமியைக் கொல்லப் போதாத அளவு, தாக்குப்பிடிக்கும் கிருமிகளைப் பிழைக்க விட்டுப் பெருகச் செய்கிறது. பிறகு நல்ல மருந்தும் வேலை செய்யாமல் போகலாம். தென்கிழக்கு ஆசியச் சந்தைகளில் பரவிய, மலேரியா மருந்தான ஆர்டெசுனேட்டின் போலி இதில் பேர்போனது. சிலவற்றில் பாராசிட்டமால் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் தணியும், நோயாளி குணமாகிறது என்று நம்புவார், ஒட்டுண்ணி உள்ளே இருக்கும். பெட்டியின் ஹாலோகிராம் முத்திரையையும் போலியாகச் செய்தார்கள். கடைசியில் மாத்திரைக்குள் சிக்கியிருந்த மகரந்தத் துகள்கள்தான் ஆய்வாளர்களைத் தென் சீனத்தின் பக்கம் திருப்பின.

விஷமே மருந்தாக வரும்போதுதான் உலகம் கவனிக்கிறது. சிரப்புகளில் கரைப்பானாகச் சேரும் கிளிசரின், புரோபிலின் கிளைகால் ஆகியவற்றுக்குப் பதிலாக மலிவான டைஎத்திலீன் கிளைகால் நுழைந்தால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைக்குச் சிறுநீர் நின்றுவிடும். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இப்படி இறந்தார்கள். மறு ஆண்டே அங்கு மருந்துச் சட்டம் இறுகியது. அதற்குப் பிறகும் ஹெய்ட்டி, பங்களாதேஷ், நைஜீரியா என்று இதே கதை தொடர்ந்தது. 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்ததற்கும் ஹரியானாவில் தயாரான சிரப்புகளுக்கும் தொடர்பு இருப்பதாக எச்சரிக்கை வந்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது தடம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றுக்கு வந்து நின்றது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. பொறுத்துக்கொள்ளும் வரம்பு 0.1 சதவீதம்.

குற்றக் கும்பல் இல்லாமலும் மருந்து கெடும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசினைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மின்சாரம் நிலையில்லாத ஊரில் அது வெயிலில் வீரியம் இழக்கும். மிகக் குறைந்த விலைக்கே டெண்டரைக் கொடுக்கும் வழக்கமும், ஆலைகளின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க முடியாத ஆய்வாளர் எண்ணிக்கையும் இதோடு சேர்கின்றன. மருந்துக்குக் கைக்காசு போடும் குடும்பங்கள் இந்நாடுகளில் அதிகம். தீராத காய்ச்சலுக்கு இரண்டாவது சீட்டு, மூன்றாவது சீட்டு என்று போகும் செலவும் இழந்த நாள்கூலியும் எந்தத் தேசியக் கணக்கிலும் முழுதாக வருவதில்லை.

நைஜீரியாவில் டோரா அகுன்யிலி 2001-இல் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமைக்கு வந்து சந்தைகளில் சோதனை நடத்தினார், போலிகளைக் குவித்து எரித்தார். அவர் தங்கை போலி இன்சுலினால் இறந்தவர். 2003-இல் அவர் காரின் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர் தப்பினார். பின்னர் கானாவிலும் நைஜீரியாவிலும், பெட்டியில் மறைத்த எண்ணைச் சுரண்டிக் குறுஞ்செய்தி அனுப்பினால் அசலா என்று பதில் வரும் முறை பரவியது. போலியைப் பிடிக்க இது உதவும். பெட்டியை அடையாளம் காட்டும் இந்த எண்ணுக்கு உள்ளே இருப்பது தெரியாது. உரிமம் பெற்ற ஆலையே டைஎத்திலீன் கிளைகால் கலந்து அனுப்பினால் 'அசல்' என்றே பதில் வரும். அதைக் காட்டிக்கொடுக்க மூலப்பொருள் ஆலைக்குள் இறங்கும்போதே ஒவ்வொரு பீப்பாயையும் சோதிக்க வேண்டும். மெல்லடுக்கு நிறப்பிரிகை என்ற பழைய, அதிகச் செலவில்லாத சோதனையே அதற்குப் போதும்.