இ.எஸ்.ஐ. திட்டம்: தொடக்க காலத்தில் பணம் கொடுத்தது யார்?

நாட்டின் முதல் பெரிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டமான தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம் (இ.எஸ்.ஐ.) 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. கான்பூரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதனைத் தொடங்கிவைத்தார். இரு நகரங்களிலும் சேர்த்து சுமார் 1.20 லட்சம் தொழிலாளர்கள் பயன்பெற்றனர். இதற்கான சட்டம் 1948-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. காப்பீட்டுக் கழகத்தை அதே ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்தார். அதன் பின்னரும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் திட்டம் தாமதமானதற்கு, செலவை யார் ஏற்பது என்ற பிரச்னை ஒரு முக்கியக் காரணமாகும்.

பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையே திட்டத்தின் அடிப்படை. நிர்வாகச் செலவில் மூன்றில் இரு பங்கை முதல் 5 ஆண்டுகளுக்கு மத்திய அரசு மானியமாக வழங்கும் எனச் சட்டம் கூறியது. ஆனால், பயன்களுக்கான செலவு இந்த மானியத்தில் சேராது. சிகிச்சைக்கும் நோய்க்கால உதவித்தொகைக்கும் தொழிலாளர், முதலாளி ஆகிய இரு தரப்பினரின் சந்தாவே ஆதாரம். மருத்துவச் செலவில் ஒரு பகுதியை மட்டும் மாநில அரசுகள் ஏற்றன.

திட்டத்தை ஒரே நேரத்தில் நாடு முழுவதும் தொடங்க இயலவில்லை. முதலில் தொடங்கப்படும் ஊர்களின் ஆலைகள் மட்டும் சந்தா செலுத்தினால், அவற்றின் உற்பத்திச் செலவு பிற ஊர்களின் ஆலைகளைவிட உயரும். சந்தையில் போட்டியிட முடியாது என முதலாளிகள் ஆட்சேபித்தனர். இந்த வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது.

எனவே, 1951-இல் சட்டம் திருத்தப்பட்டு, முதலாளிகளுக்கு 'சிறப்புச் சந்தா' அறிமுகமானது. திட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளில் மொத்த ஊதியத் தொகையில் 1.25 சதவீதமும், பிற பகுதிகளில் 0.75 சதவீதமும் செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. அதாவது, தனது தொழிலாளர்களுக்கு ஒரு மருந்தகம்கூடத் திறக்கப்படாத ஊரின் முதலாளியும் பணம் கட்டினார். தொழிலாளர்களுக்கோ, தங்கள் பகுதிக்குத் திட்டம் வந்த பிறகே சந்தா பிடிக்கப்பட்டது. ஊதியப் படிநிலைக்கேற்ப அது வசூலிக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவாக ஊதியம் பெற்றோருக்கு விலக்கு உண்டு.

மின்சக்தியால் இயங்கி, 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும், ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளே முதலில் சேர்க்கப்பட்டன. மாத ஊதிய உச்சவரம்பு ரூ.400. நோயுற்றால் ஆண்டுக்கு 8 வாரங்கள் வரை ஊதியத்தில் சுமார் பாதி கிடைத்தது. குடும்பத்தினருக்குச் சிகிச்சை 1958-இல்தான் தொடங்கியது.

பிற்காலத்தில் இரு தரப்பினரின் பங்கும் ஊதியத்தின் சதவீதமாகவே கணக்கிடப்பட்டது. 1997-இல் முதலாளிக்கு 4.75 சதவீதமாகவும், தொழிலாளிக்கு 1.75 சதவீதமாகவும் இருந்த விகிதம், 2019 ஜூலை 1 முதல் முறையே 3.25, 0.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.